புரமோஷனுக்குப் பிறகு விலகிப்போன பழைய குரூப்

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

"ஒரு நிறுவனத்தின் பில் சரிபார்ப்புப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் பதினோரு பேர். அதில் நாங்கள் ஐந்து பேர் ஒரு செட். சேர்ந்துதான் சாப்பிடுவோம், ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் அந்த வேலையையும் பார்த்துவிடுவோம், எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். மூன்று மாதத்துக்கு முன் எனக்கு டீம் லீடராகப் புரமோஷன் வந்தது. அன்றிலிருந்து நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பழைய குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து தவிர எதுவும் வருவதில்லை. நான் இல்லாமல் இன்னொரு குரூப் ஆரம்பித்திருப்பது தற்செயலாகத் தெரிந்தது. மேனேஜரோ, 'உங்கள் பழைய ஆட்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவ்வப்போது என் காதில் போட்டு வையுங்கள்' என்கிறார். இதற்கு நடுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மிக வேகமாக வேலை செய்கிறான், மீட்டிங்கில் அவன் எண்ணிக்கையைத் திரையில் போட்டு எல்லோருக்கும் காட்டினார் மேனேஜர். அதன் பிறகு அவனோடு யாரும் பேசுவதே இல்லை. எல்லோருடைய சீட்டையும் மாற்றிப் போட்டு இந்த செட்டையே கலைத்துவிடலாமா என்று பகலில் தோன்றுகிறது. ராத்திரி படுத்தால் அழுகை வருகிறது. பழைய குரூப்பில் இருப்பதா, வெளியே வந்துவிடுவதா? நான் என்ன தப்பு செய்தேன்?"

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் தப்பு செய்ததாக உங்கள் கடிதத்தில் எனக்கு எதுவும் தென்படவில்லை. அவர்களும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, அந்தப் புதியவர் விஷயத்தைத் தவிர. அது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த அழுகை. இந்த வயதில் இதற்கெல்லாம் அழுவதா என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள் என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஒதுக்கப்படுவது மனிதரை எப்படித் தாக்குகிறது என்பதைக் கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் பல வருடங்களாக ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வுகளில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் விளையாட்டு வரும். திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றிப் போடுவார்கள், ஆரம்பத்தில் ஓரிரு தடவை நமக்கும் பந்து வரும், அப்புறம் மற்ற இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான், சில நிமிட விளையாட்டு. முகம் தெரியாத ஆட்கள், ஜெயித்தால் பரிசு இல்லை, தோற்றால் நஷ்டம் இல்லை. அதற்கே கலந்துகொண்டவர்களின் தன்மதிப்பு சரிந்தது, நாம் ஒரு பொருட்டே இல்லை என்ற உணர்வு வந்தது. 2004இல் வெளியான ஆய்வில், எதிரே இருப்பது மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர்தான் ஆடுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடவிட்டார்கள். அப்போதும் வலித்தது. முன்பின் தெரியாதவர்கள் பந்தைத் தராததற்கே இந்தப் பாடு என்றால், ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நீங்கள் வந்ததும் வாயை மூடிக்கொண்டால் தூக்கம் எங்கே வரும்? உங்களுக்கு வந்திருப்பது பலவீனம் இல்லை.

ஆனால் வலி இவ்வளவு இருப்பதால் அவர்கள் உங்களை வெறுக்கிறார்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆறு வருடத்தில் அவர்களைப் பற்றி உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்? உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வேறு வேலைக்கு இண்டர்வியூ போனவர் யார், மேனேஜரைத் திட்டி யார் என்ன அனுப்பினார், யாருக்கு வீட்டில் கடன் நெருக்கடி, யார் பில்லில் விட்ட தப்பை யார் சத்தமில்லாமல் சரிசெய்தார், எல்லாமே தெரியும். தோழியிடம் சொன்னதாக நினைத்துத்தான் சொன்னார்கள். இப்போது அந்தத் தோழி அவர்களுடைய அப்ரைசலில் கையெழுத்துப் போடப்போகிறார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அதனால் இனிமேல் சொல்லாமல் இருக்கிறார்கள், சொன்னதை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். அந்த மௌனத்துக்கு நான் தரும் விளக்கம் இதுதான், இதே நிலைமையில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பயம் கோபத்தைப் போலவே தெரியும், வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால்தான் உங்கள் மேனேஜர் கேட்டது எனக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. அவர் கேட்டதை நீங்கள் ஒரே ஒரு தடவை செய்தாலும் அவர்கள் பயந்தது சரி என்று ஆகிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கடிதத்தில் இருக்கிற எல்லாமே அதில் இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை இருந்தது. தொலைபேசி இணைப்பகங்களுக்கான கருவிகள் செய்யும் ஆலை. 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை அங்கே 14 தொழிலாளர்களைத் தனி அறையில் வேலை செய்யவைத்து ஆராய்ந்தார்கள். 9 பேர் ஒயர் கட்டுபவர்கள், 3 பேர் சால்டர் வைப்பவர்கள், அதாவது உலோகத்தை உருக்கி அந்த ஒயர்களை ஒட்டுபவர்கள், 2 பேர் பரிசோதகர்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல், நடப்பதை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

கூலி முறையைக் கேளுங்கள். குழு மொத்தமாக எவ்வளவு செய்கிறதோ அதை வைத்துத்தான் எல்லோருக்கும் காசு. அதிகம் செய்தால் எல்லோருக்கும் லாபம், ஆகவே ஒருவரை ஒருவர் முடுக்கிவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. நடந்தது நேர்மாறு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஓர் அளவை வைத்துக்கொண்டார்கள், ஏறத்தாழ இரண்டு கருவி. அதைத் தொட்டதும் சாயங்காலம் கை தானாக மெதுவாகிவிடும். யாராவது அளவைத் தாண்டி வேகமாகப் போனால் பக்கத்தில் இருப்பவர் வந்து மேல்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவார். குத்து வாங்கியவர் திருப்பி ஒன்று விடலாம், அதோடு முடிந்தது. பட்டப்பெயர்களும் உண்டு. அதிகம் செய்பவர் எல்லோருக்கும் கேடு செய்பவர், ரொம்பக் குறைவாகச் செய்பவர் மற்றவர் உழைப்பில் வாழ்பவர், மேலதிகாரியிடம் சக தொழிலாளியைப் பற்றிச் சொல்பவர் போட்டுக்கொடுப்பவர். இந்த மூன்று பெயரில் எதையும் வாங்கக் கூடாது என்பதுதான் அந்த அறையின் சட்டம். எந்த நோட்டீஸ் போர்டிலும் அது இல்லை.

ஏன் அப்படி? சோம்பேறித்தனம் என்று நிர்வாகங்கள் சொல்லும். ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அந்த ஆட்களுக்கு அறிவுத் தேர்வும் கைத்திறன் தேர்வும் வைத்துப் பார்த்தார்கள், அறையிலேயே மிகக் குறைவாக உற்பத்தி செய்தவர்தான் அறிவுத் தேர்வில் முதல் ஆள், கைத்திறனில் மூன்றாவது. திறமைக்கும் உற்பத்திக்கும் சம்பந்தமே இல்லை. எந்தச் சிறு குழுவில் இருக்கிறார், அங்கே அவருக்கு என்ன இடம் என்பதற்குத்தான் சம்பந்தம் இருந்தது. காலத்தையும் பாருங்கள், பெரும் பொருளாதார மந்தம். வேகமாகச் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள் அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். மந்தத்தால் அந்த அறையில் வேலையே குறைந்துபோய்த்தான் ஆய்வும் 1932 மே மாதத்தில் முடிந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதே அறையில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யக் கூடாது என்பது ஆலை விதி. ஆனால் யாராவது பின்தங்கினால் அடுத்தவர் போய்க் கை கொடுப்பார், சால்டர் வைப்பவரும் ஒயர் கட்டுபவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். நேரடி மேற்பார்வையாளருக்கு இதெல்லாம் தெரியும். விதியைக் காக்க வேண்டியவர் அவர்தான், ஆனாலும் கண்டும் காணாமல் விட்டுவிட்டார், ஆட்களுக்கும் அவரைப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மனிதரின் நாற்காலியில்தான் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, மேனேஜரிடம் என்ன சொல்வது? சண்டை போட வேண்டாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மேலே போகப் போகக் கீழே என்ன நடக்கிறது என்பது கேட்காது, அந்தக் கவலையில் கேட்டிருக்கலாம். தனியாக இருக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், வேலையில் எங்கே சிக்கல், எதற்கு ஆட்கள் சலித்துக்கொள்கிறார்கள், எது தாமதமாகிறது என்பதையெல்லாம் வாரம் ஒரு தடவை நானே உங்களிடம் சொல்கிறேன். யார் என்ன பேசினார் என்பதை மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தேன் என்றால் அவர்கள் என்னிடம் எதையுமே சொல்ல மாட்டார்கள், அப்புறம் சிக்கல் முற்றிய பிறகுதான் உங்களுக்கும் எனக்கும் தெரியவரும்." சொன்னபடி அந்த வாராந்தரத் தகவலை ஒழுங்காகக் கொடுங்கள். பெயர் இருக்கக் கூடாது, விவரம் இருக்க வேண்டும். மாதக் கடைசி மூன்று நாளில் பில் குவிகிறது, இரண்டு பேர் இரவு எட்டு மணி வரை உட்கார்கிறார்கள் என்பது தகவல். இன்னார் உங்களை இப்படித் திட்டினார் என்பது கோள். அந்தக் கோட்டை எந்தச் சந்தர்ப்பத்திலும் தாண்டாதீர்கள், அவரே துருவித் துருவிக் கேட்டாலும்.

இதற்கு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொறுப்பில்லாதவன் ஆகிவிடுவேன். யாராவது பணத்தில் கை வைத்தால், யாரையாவது பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்தால், சாதி, மதம், உடல் இவற்றை வைத்து ஒருவரைக் கேவலப்படுத்தினால், ஒருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், அங்கே நட்பு, ரகசியம் எதுவும் கிடையாது. முறைப்படி எழுத்தில் புகார் போக வேண்டும். இதைப் பழைய நண்பர்களிடமும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எதை நீங்கள் கடத்தமாட்டீர்கள், எதைக் கட்டாயம் கடத்துவீர்கள் என்று இரண்டுமே தெரிந்தால்தான் அவர்களுக்கு உங்களிடம் பேச தைரியம் வரும்.

இனி அந்த நான்கு பேர். நான்கு பேரையும் சேர்த்துவைத்துப் பேசாதீர்கள். கூட்டமாக இருக்கும்போது ஒவ்வொருவரும் மற்ற மூவரும் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்வார்கள், கடைசியில் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே" என்ற ஒரு வாக்கியத்தோடு கலைந்துவிடுவார்கள். தனித்தனியாகப் பேசுங்கள், உங்களிடம் அதிகம் ஒட்டுதலாக இருந்தவரிடம் முதலில். புது வாட்ஸ்அப் குரூப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். அது அவர்கள் உங்களுக்கு எதிராகப் போட்ட திட்டம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு அப்படிப் படவில்லை. தலைவரைப் பற்றித் தலைவர் இல்லாத இடத்தில் புலம்புவதற்கு ஓர் இடம் எல்லா ஆபீசிலும் வேண்டும், போன வருடம் வரைக்கும் நீங்களும் அப்படி ஓர் இடத்தில்தான் புலம்பினீர்கள். அதில் உங்களைச் சேர்த்தால் அது அந்த இடமாக இருக்காது, அவர்கள் மூன்றாவதாக ஒன்றை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பேசும்போது "ஏன் என்னை ஒதுக்குகிறீர்கள்" என்று ஆரம்பித்தால் அவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்: "அக்கா, இந்த நாற்காலி வந்ததிலிருந்து நமக்குள் முன்னைப் போல் இல்லை, எனக்கும் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் சொன்னது எதுவும் அப்ரைசலுக்கும் வராது, மேனேஜர் ரூமுக்கும் போகாது. இனிமேல் வேலை விஷயத்தில் உங்களிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டிய நாள் வரும், அப்போது நேராக உங்களிடமே சொல்வேன், பின்னால் போய்ச் சொல்ல மாட்டேன்." இவ்வளவு போதும். பதிலுக்கு அவர் அழ வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். இந்த மாதிரி வாக்கைச் சொன்ன அன்றைக்கு யாரும் நம்புவதில்லை, முதல் லீவு விண்ணப்பம், முதல் தவறு, முதல் அப்ரைசல் இவை வரும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்த்துத்தான் நம்புவார்கள். அதிலும் அந்த நால்வருக்குச் சலுகை காட்டினால் அடுத்த ஆறு பேர் கண்ணில் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். நண்பர்கள்தானே என்று கூடுதலாகக் கடுமை காட்டினாலும் அநியாயம்தான். புதிதாகத் தலைவர் ஆனவர்கள் நிறையப் பேர் தாங்கள் நடுநிலை என்று நிரூபிக்க நெருங்கிய நண்பரைத்தான் முதலில் காயப்படுத்துகிறார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

சீட்டை மாற்றிப் போட்டு செட்டைக் கலைக்கும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். கலையாது. சீட்டு மாறினாலும் போன் கையில்தான் இருக்கிறது, உங்கள் மேல் ஒரு பொதுக் கோபம் கூடுதலாகச் சேரும், அதுவே அவர்களை இன்னும் இறுக்கிக் கட்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் பிரிவு ஓடுவதே அந்த செட்டால்தான் என்று நினைக்கிறேன், நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் பார்த்துவிடுவோம் என்று. எந்தச் சுற்றறிக்கை அப்படிச் சொன்னது? விதிப்படி வேலை என்று ஒரு போராட்ட முறை இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை, விதிப் புத்தகத்தில் இருப்பதை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்கிறார்கள், அதிலேயே எல்லாம் ஸ்தம்பித்துவிடுகிறது. விதிக்கு வெளியே ஆட்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். செஸ்டர் பர்னார்ட், தொலைபேசிக் கம்பெனி ஒன்றின் தலைவராக இருந்தவர், 1938லேயே இதை எழுதிவிட்டார். முறையான அமைப்பு உயிரோடு இருக்க முறைசாரா உறவுகள் வேண்டும் என்றார். கம்பெனியை மேலே உட்கார்ந்து நடத்திய ஒருவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அந்தப் பேச்சு முக்கியமாகப் படுகிறது.

கலைப்பதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் பதினோரு பேரையும் எழுதி, வேலையில் சந்தேகம் வந்தால் யார் யாரிடம் போகிறார் என்று கோடு போடுங்கள். இன்னொரு தாளில், மனக்கஷ்டம் வந்தால் யார் யாரிடம் சொல்கிறார் என்று கோடு போடுங்கள். டேவிட் கிராக்கார்ட் என்ற ஆய்வாளர் நிறுவனங்களுக்குள் இருக்கும் உறவுகளை இப்படித்தான் ஆலோசனை வலை, நம்பிக்கை வலை என்று தனித்தனியாகப் பார்த்தார், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதையும் காட்டினார். வேலை நன்றாகத் தெரிந்தவரிடம் எல்லோரும் சந்தேகம் கேட்பார்கள், ஆனால் மனசு விட்டுப் பேச வேறு ஒருவரைத் தேடிப் போவார்கள். உங்கள் தாளில் யார் மேல் நிறையக் கோடு விழுகிறது, யார் மேல் ஒன்றுகூட இல்லை என்று பாருங்கள். தாளைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அது யார் கையிலும் கிடைக்கக் கூடாது, குறிப்பாக மேனேஜர் கையில்.

கோடே இல்லாத அந்த ஆள் யார் என்று நம் இருவருக்குமே தெரியும். அந்தப் புது இளைஞர்.

உங்கள் செட்டின் மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உங்களிடம் பேசாமல் இருப்பது அவர்கள் உரிமை, யாரோடு சாப்பிட வேண்டும் என்று யாரும் உத்தரவு போட முடியாது. ஆனால் வேலைக்கான தகவலை ஒருவருக்குத் தராமல் இருப்பது உரிமை இல்லை. எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பில் சாப்ட்வேரில் முந்தைய மாதத் தேதி போட்ட பில்லை நேராக ஏற்றினால் அது நிராகரித்துவிடும், முதலில் வரைவாகச் சேமித்து, மூடி, திரும்பத் திறந்தால்தான் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதிரிக் குறுக்குவழிகள் எந்தக் கையேட்டிலும் இருக்காது, ஒருவர் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார், எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த குரூப்பில் இல்லாதவர் முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மேல்கையில் குத்துவது இப்போது இல்லை, அதன் இடத்தில் இது இருக்கிறது. குத்தாவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதற்கு மூல காரணம் செட் இல்லை, அந்த மீட்டிங். ஒருவருடைய எண்ணிக்கையைத் திரையில் போட்டுக் காட்டினால், மற்ற பத்து பேர் காதில் விழுவது "இனி இதுதான் அளவு" என்பதுதான். ஹாதார்ன் அறையில் பயந்ததும் இதற்குத்தான். அந்த இளைஞரைப் பாராட்டுவதாக நினைத்து அவரை எல்லோருக்கும் எதிராக நிறுத்திவிட்டார் மேனேஜர். முதலில் அதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், பாராட்டைத் தனியாகச் சொல்லட்டும். அடுத்து, அவருடைய வேகத்தை வைத்து யாருடைய இலக்கும் கூட்டப்படாது என்று மேனேஜரிடம் உறுதி வாங்கி, அதை டீமிடம் சொல்லுங்கள். உறுதி கிடைக்கவில்லை என்றால் பொய்யாக ஆறுதல் சொல்லாதீர்கள், "இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

குறுக்குவழிகளுக்கு எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் கோப்பு வையுங்கள், வேலை சம்பந்தமான தகவல் பதினோரு பேரும் இருக்கிற இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேலியும் புலம்பலும் எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், வேலைத் தகவல் மட்டும் தனி குரூப்பில் நின்றுவிடக் கூடாது. டீம் லீடராக நீங்கள் கறாராக இருக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான், இங்கே நட்புக்காக வளைந்து கொடுக்காதீர்கள்.

அப்புறம், அவரைச் செட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் கெஞ்ச வேண்டாம், அது அவரைத்தான் அவமானப்படுத்தும். ஒரே ஒரு ஆள் அவர் பக்கத்தில் இருந்தால் போதும். சாலமன் ஆஷ் 1950களில் செய்த கோடுகள் சோதனை ஞாபகம் வருகிறது. அறையில் இருப்பவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோட்டின் நீளத்தைத் தவறாகச் சொல்வார்கள், விஷயம் தெரியாத ஒரே ஆளும் பல தடவை அவர்களோடு ஒத்துப்போய்விடுவார். ஆனால் சரியாகச் சொல்ல இன்னொரு ஆள் கூட இருந்துவிட்டால் அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. தனி ஆள் என்பதற்கும் இரண்டு பேர் என்பதற்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறது. உங்கள் ஆலோசனைத் தாளில் நிறையக் கோடு விழுந்தவர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரிடம் இந்த இளைஞரோடு சேர்ந்து செய்கிற மாதிரி நிஜமான ஒரு வேலையைக் கொடுங்கள், ஒப்புக்கு ஒன்றைக் கொடுக்காதீர்கள். மாதக் கடைசி நிலுவைப் பட்டியலை இருவருமாக முடிக்கட்டும். ஒன்றாகக் கஷ்டப்பட்டவர்கள் அப்புறம் தாங்களாகவே பேசிக்கொள்வார்கள். இளைஞரிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம்: வேகத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு மேலும் அவரைக் கிண்டல் செய்வது, அவர் வேலையைக் கெடுப்பது என்று போனால் அது துன்புறுத்தல், அப்போது நான் முன்னால் சொன்ன விதிவிலக்கு வந்துவிடும், அந்த நால்வரில் ஒருவராக இருந்தாலும்.

உங்களைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. டீம் லீடருக்கும் புலம்ப ஓர் இடம் வேண்டும், அது இனிமேல் இந்தப் பிரிவுக்குள் கிடைக்காது, அதை ஏற்றுக்கொள்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. மற்ற பிரிவுகளில் உங்களைப் போலவே இருக்கும் டீம் லீடர்களில் ஓரிருவரோடு பழக ஆரம்பியுங்கள். உயிருக்குயிரான நட்பாக இருக்க வேண்டியதில்லை. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார், நெருக்கமானவர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்துதான் நமக்குப் புதுத் தகவல் வருகிறது என்பது அதன் சாரம். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், தூரத்தில் இருப்பவர் வேறு இடத்திலிருந்து வேறு எதையோ கொண்டுவருவார். ஆறு வருடம் ஐந்து பேருக்குள்ளேயே இருந்துவிட்டீர்கள், அது நல்ல காலம்தான், ஆனால் மற்ற தளங்களில் இருப்பவர்களைத் தெரிந்துகொள்ள அது இடமே கொடுத்திருக்காது. அழுகை இன்னும் சில வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள், இது ஆபீஸ் விஷயம்தானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பதா, வெளியே வருவதா என்று கேட்டிருந்தீர்கள். இருங்கள். வெளியேறினால் அந்த நான்கு பேரும் அதைக் கோபம் என்றுதான் படிப்பார்கள், நீங்கள் வேறு எந்த அர்த்தத்தில் செய்திருந்தாலும். ஆனால் அதில் வேலை விஷயம் எதையும் இனி எழுதாதீர்கள், யாராவது புதிதாக ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு ராத்திரியும் திறந்து பார்க்கவும் வேண்டாம், நோட்டிபிகேஷனை அணைத்துவிடுங்கள். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் வாழ்த்துங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் மேசைக்குப் போங்கள், சாப்பிட்டு முடித்ததும் அவர்களுக்கு முன்னால் எழுந்துவிடுங்கள், உங்களைப் பற்றிப் பேச அவர்களுக்குப் பத்து நிமிடம் வேண்டும். மற்ற நாட்களில் மீதி ஆறு பேரில் யாரோடாவது உட்காருங்கள், அந்த இளைஞரோடும். மேனேஜரிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே பேசிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.